இலங்கைப் பொருளாதாரம்: பாரிமுனையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலை பார்ப்பது சென்னைப் பாரிமுனையில், தம்பு செட்டித் தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி, கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு சின்ன அலுவலகத்தில். வெங்காயம், வற்றல் மிளகாய், நூல் என்று கொழும்புக்கு ஏதாவது போய்க்கொண்டே இருக்கும். அதனால் சரக்குக்காரர்கள் முதல் சொந்தக்காரர்கள் வரை இலங்கையைப் பற்றி ஏதாவது கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. டாலர் என்றால் அமெரிக்க டாலர். ரூபாய் எந்த நாட்டு ரூபாய் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சின்ன நாடு, சின்ன நாடு என்கிறீர்களே, எவ்வளவு சின்னது?

ஜனத்தொகை சுமார் 2.2 கோடி. 2024-ல் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ 9,900 கோடி டாலர். தமிழ்நாட்டின் உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வரும். ஜனத்தொகையும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான் என்பதால், தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் இரண்டு ஊரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இதைச் சொன்னால் இங்கே பலர் நம்புவதில்லை. அங்கே பஞ்சம், இங்கே செழிப்பு என்று ஒரு படம் மனதில் பதிந்துவிட்டது.

வித்தியாசம் தெரிவது ஏற்றுமதியில். 2024-ல் இலங்கை வெளிநாட்டுக்கு விற்ற மொத்தச் சரக்கு சுமார் 1,280 கோடி டாலர். 2024-25-ல் தமிழ்நாட்டிலிருந்து போன மின்னணுப் பொருட்கள் மட்டும் 1,465 கோடி டாலர். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள ஆலைகளின் செல்போன்தான் அதில் பெரும்பகுதி. இலங்கையில் அப்படி ஒன்று கிடையாது. தைத்த துணி, தேயிலை, ரப்பர், தேங்காய், அப்புறம் வெளிநாட்டில் வேலை செய்யும் ஆட்கள், வந்து போகும் சுற்றுலாப் பயணிகள். டாலர் வரும் வாசல்கள் இவ்வளவுதான்.

2022-ல் உண்மையிலேயே நடந்தது என்ன?

எங்கள் அலுவலகத்தில் நடந்ததையே சொல்கிறேன். 2022 மார்ச்சில் வாடிக்கையாளர் ஒருவரின் வற்றல் மிளகாய், ஒரு கன்டெய்னர், கொழும்பு போய் இறங்கியது. வாங்குபவர் கொழும்பு புறக்கோட்டையில், நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரி, நாணயமானவர், பல வருஷப் பழக்கம். சரக்கை எடுக்க வேண்டிய ஆவணங்கள் அங்கே வங்கியில் கிடக்கின்றன. பணம் கட்டினால்தான் ஆவணம் கைக்கு வரும். மனிதர் ஃபோனில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "காசு என்ட கையில இருக்கு அண்ணே. டொலர்தான் வங்கியில இல்ல."

இலங்கை நெருக்கடியை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கேயும் கேட்டதில்லை. அவரிடம் இலங்கை ரூபாய் மூட்டை மூட்டையாக இருந்தது. அதை டாலராக மாற்றித் தர வங்கியிடம் டாலர் இல்லை. கன்டெய்னர் ஒன்றரை மாதம் துறைமுகத்தில் கிடந்தது. நாள் வாடகை ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மிளகாயின் லாபம் முழுவதையும் தின்றுவிட்டது. யார் மேலும் கோபப்பட முடியவில்லை.

டாலர் ஏன் தீர்ந்தது? பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பில் சுற்றுலா படுத்தது. அந்த வருஷக் கடைசியில் புது அரசு வரிகளை வெட்டியது. மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8-க்கு இறங்கியது. அடுத்த வருஷம் கொரோனா. 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை. நடுவில் சர்வதேசச் சந்தையில் வட்டிக்கு வாங்கிய கடன் பத்திரங்களின் தவணை வேறு. இவ்வளவுக்கும் நடுவே டாலருக்கு 200 ரூபாய்தான் என்று மத்திய வங்கி விலையைப் பிடித்து வைத்திருந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் சில வாரங்களில் 360 வரை போனது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட 69.8 சதவீதம் ஏறியிருந்தது.

அந்த மே மாதம் நம் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசு ஒரு கப்பல் அனுப்பியது ஞாபகம் இருக்கலாம். 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், அதோடு மருந்து. மூட்டைகளில் தமிழக மக்களின் அன்பளிப்பு என்று அச்சிட்டிருந்தது. இந்திய அரசு கொடுத்த கடனும் உதவியும் சேர்த்து அந்த வருஷம் 400 கோடி டாலர் அளவுக்கு இருக்கும்.

இப்போது எழுந்துவிட்டதா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2021-ல் பொருளாதாரம் 100 என்று வையுங்கள். 2022-ல் 7.3 சதவீதம் சுருங்கியது, 92.7. 2023-ல் இன்னும் 2.3 சதவீதம், 90.6. 2024-ல் 5 சதவீதம் வளர்ந்தது என்று தலைப்புச் செய்தி வந்தது. வளர்ந்து எங்கே வந்தது? 95-க்கு. பள்ளத்தில் விழுந்தவர் ஏறிக்கொண்டிருக்கிறார், தரை மட்டத்துக்கு இன்னும் வரவில்லை. 2025-லும் ஏறுமுகம்தான்.

விலைவாசியிலும் இதே குழப்பம். பணவீக்கம் குறைந்துவிட்டது, 2024 செப்டம்பரிலிருந்து சில மாதங்கள் பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போனது என்றெல்லாம் படித்திருப்பீர்கள். நிஜம்தான். ஆனால் 2021 கடைசியில் லிட்டர் 177 இலங்கை ரூபாயாக இருந்த பெட்ரோல், 2022 ஜூனில் 470 ஆகி, 2025-ல் 300-ஐ ஒட்டி நின்றது. ஏறுவது நின்றது, அவ்வளவுதான். பழைய விலை திரும்பவில்லை. சம்பளம் அதே வேகத்தில் ஏறாத வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உலக வங்கிக் கணக்குப்படி 2024-ல் நான்கு பேரில் ஒருவர் வறுமையில் இருந்தார். 2019-ல் இருந்ததைப்போல இரண்டு மடங்கு.

சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப். 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் கடன் பத்திரங்களை மாற்றி எழுதி முடித்தார்கள். நாட்டின் டாலர் கையிருப்பு அந்த வருஷக் கடைசியில் 600 கோடி டாலரைத் தாண்டியது. அதெல்லாம் நல்ல செய்திதான்.

அங்கே துணி வியாபாரம் எப்படி? திருப்பூருக்குப் போட்டியா?

அளவில் சரியான ஜோடி. தைத்த ஆடையில் முழு இலங்கையும் ஒரு வருஷம் சம்பாதிப்பதும், திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியும் ஏறத்தாழ ஒரே தொகைதான், இந்திய மதிப்பில் 40,000 கோடி ரூபாயை ஒட்டி. ஒரு நாட்டின் முதல் தொழிலும் நம் ஒரு ஊரும் சமம்! திருப்பூர்க்காரர்களிடம் சொன்னால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள்.

ஆனால் சரக்கு வேறு. திருப்பூரின் பலம் பருத்தி பனியன் துணி. நூல், பின்னல், சாயம், தையல் எல்லாம் ஒரே ஊருக்குள். இலங்கையில் பருத்தியும் கிடையாது, பெரிய நூற்பாலைகளும் கிடையாது. துணியில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் நம்மிடமிருந்தும் போகிறது. அவர்கள் பிடித்துக்கொண்டது நுணுக்கமான தையலை. உள்ளாடை, விளையாட்டு உடை, நீச்சல் உடை. பெரிய பிராண்டுகளுக்கு வடிவமைப்பிலிருந்தே கூட நிற்கிறார்கள். பிராண்டிக்ஸ், எம்.ஏ.எஸ். போன்ற பெரிய நிறுவனங்கள் அப்படி வளர்ந்தவை. பிராண்டிக்ஸ் விசாகப்பட்டினம் பக்கத்தில் பெரிய ஆடைப் பூங்காவே வைத்திருக்கிறது.

எண்களைப் பார்த்தால், துணியும் ஆடையும் சேர்த்து 2022-ல் 595 கோடி டாலர், 2023-ல் 488, 2024-ல் 506. கவனித்தீர்களா? நாடே திவாலான 2022-ல் இந்தத் தொழில் உச்சத்தில் இருந்தது! காரணம், வாங்குபவர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார். அங்கே கொரோனா முடிந்து கடைகள் அலமாரியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் அவர்கள் கை சுருங்கியது, இலங்கையும் சுருங்கியது. உள்ளூர் அரசியலைவிட அமெரிக்கக் கடையின் அலமாரிதான் இந்தத் தொழிலை ஆட்டி வைக்கிறது.

அதனால்தான் 2025 ஏப்ரலில் அமெரிக்கா 44 சதவீத வரி என்று அறிவித்ததும் அங்கே தூக்கமே போனது. ஆடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. பேசிப் பேசி 30 ஆகி, ஆகஸ்ட் 7 முதல் 20-க்கு வந்தது. அதே மாதக் கடைசியில் இந்தியாவுக்கு 50! அந்தச் சில வாரங்களில் திருப்பூரிலிருந்து எனக்கு வந்த ஃபோன்களுக்குக் கணக்கில்லை. கொழும்பில் தைக்க ஆள் பிடித்துத் தர முடியுமா என்றுகூடக் கேட்டார்கள். கப்பல் அலுவலகத்தில் தையல்காரருக்கு எங்கே போவது?

ஐரோப்பா பக்கம் வரிச் சலுகை இருக்கிறது. 2010-ல் மனித உரிமைக் காரணங்களால் பறிபோய், 2017-ல் திரும்பக் கிடைத்தது. அது இன்னொரு தடவை போனால் நிலைமை மோசமாகும்.

சுமார் மூன்றரை லட்சம் பேருக்கு நேரடி வேலை. பெரும்பாலும் பெண்கள், கட்டுநாயக்க போன்ற வர்த்தக வலயங்களில் வாடகை அறையில் தங்கி வேலை செய்பவர்கள். 2025 மே மாதம் அங்கே ஒரு வெளிநாட்டு ஆலை மூடி 1,400 பேருக்கு வேலை போனது. வளர்ச்சிச் செய்திகளுக்கு நடுவே அது ஒரு மூலையில்தான் வந்தது.

டீ என்ன ஆச்சு? உரத் தடையால் அழிந்துவிட்டதாகச் சொன்னார்களே.

அழியவில்லை. ஆனால் மெலிந்துவிட்டது. 2013-ல் உற்பத்தி 34 கோடி கிலோ, அதுதான் உச்சம். 2021-ல் 30 கோடிக்குச் சற்றுக் கீழே. 2021 மே மாதம் உரத்துக்குத் தடை வந்தது, நவம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆறே மாதம்தானே என்று தோன்றும். ஆனால் தேயிலைச் செடி இன்று பட்டினி போட்டதை அடுத்த வருஷம்தான் காட்டும். 2022-ல் 25 கோடி கிலோ. 2024-ல் 26 கோடியை எட்டியது. தடை போய் மூன்று வருஷம் ஆகியும் பழைய இடத்துக்கு வரவில்லை. உரம் விலை ஏறியது, சிறு தோட்டக்காரர்கள் பழைய அளவுக்குப் போடுவதில்லை. செடிகளுக்கும் வயதாகிவிட்டது.

ஆனால் டாலர் கணக்கு வேறு கதை. 2013-ல் கிடைத்தது 154 கோடி டாலர். 2024-ல் 143 கோடி. உற்பத்தியில் கால்வாசி போயும் வருமானம் பெரிதாக விழவில்லை. கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கிறது. ஈராக், ரஷ்யா, ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி இவர்கள்தான் பெரிய வாடிக்கைகள். ஈரானோடு ஒரு வேடிக்கையான ஏற்பாடும் உண்டு. பெட்ரோலியம் வாங்கிய பழைய பாக்கி 25 கோடி டாலர், அதை மாதாமாதம் தேயிலையாக அடைக்கிறார்கள். நம் தாத்தா காலத்தில் நெல் அளந்து கடன் அடைத்த மாதிரி.

இன்னொரு விஷயம் இங்கே பலருக்குத் தெரியாது. இலங்கை டீ என்றால் நுவரெலியா பனி, மலைச்சரிவு, கூடை சுமந்த நம் பெண்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேல் தெற்கே காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் 2,000 அடிக்குக் கீழே விளைகிற தாழ்நிலத் தேயிலை. பெரும்பாலும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிங்களக் குடும்பங்கள். ஈராக்கிலும் துருக்கியிலும் விரும்பிக் குடிப்பது அந்தக் கறுத்த, திடமான இலையைத்தான்.

மலைமேல் இருக்கும் பெரிய தோட்டங்களில்தான் நம்மவர்கள். 1820-களிலிருந்து இங்கிருந்து கூட்டிக்கொண்டு போனவர்களின் வாரிசுகள். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பல லட்சம் பேர் இந்தப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். கோத்தகிரி, கூடலூர் போனால் இன்னும் சந்திக்கலாம். எங்கள் அலுவலகத்தில் ஆவணம் டைப் செய்யும் அக்காவின் அம்மா அப்படி அட்டனிலிருந்து வந்தவர். அவர் வாயில் இன்னும் தோட்டத்துப் பேச்சுத்தான். குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப்பேர்' போட்டுவிடுவார்கள் என்பார். அதாவது பாதி நாள் சம்பளம். அந்த அம்மா பேத்தியின் மார்க் ஷீட்டைப் பார்த்தாலும் "இது அரைப்பேர் கணக்கால்ல இருக்கு" என்பார்.

அந்த நாள் சம்பளம் 2024-ல் போராடி 1,350 இலங்கை ரூபாய் ஆனது. நம் காசுக்கு 400 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. 2026 பட்ஜெட்டில் அரசு கொடுக்கும் வருகை ஊக்கத் தொகையும் சேர்த்து 1,750 என்றார்கள். இன்னமும் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறையில்தான் பல குடும்பங்கள். தேயிலை டாலர் கொண்டு வருகிறது என்று எழுதுபவர்கள் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்தால் தேவலை.

டூரிஸ்ட் கூட்டம் அலைமோதுகிறதாமே?

அலைமோதுகிறது. 2018-ல் 23.3 லட்சம் பேர் வந்தார்கள். 2021-ல் இரண்டு லட்சத்துக்கும் கீழே. 2023-ல் 14.9 லட்சம், 2024-ல் 20.5 லட்சம், 2025-ல் 2018-ஐத் தாண்டிவிட்டார்கள். முதலிடம் இந்தியர்களுக்கு, 2024-ல் மட்டும் 4 லட்சம் பேருக்கு மேல்.

சரி, காசு? 2018-ல் 438 கோடி டாலர். 2024-ல் 317 கோடி. 2025-ல் ஆள் கூடியும் வருமானம் அதை ஒட்டியேதான் நின்றது. தலைக்குச் செலவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஆட்களும் ஒரு காரணம்தான், ஒளிப்பானேன்! மூன்று ராத்திரி நான்கு பகல் பேக்கேஜ், கண்டி, நுவரெலியா, பென்தொட்ட கடற்கரை, பையில் ஒரு டப்பா புளிசாதம். ஐரோப்பாக்காரர் இரண்டு வாரம் தங்கிச் செய்யும் செலவை நாம் செய்ய மாட்டோம். எத்தனை தலை வந்தது என்று எண்ணுவதில் அங்கத்திய அமைச்சர்களுக்கு ஆசை அதிகம். எவ்வளவு விட்டுப்போனார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

கொழும்புத் துறைமுகம் நமக்குப் போட்டியா, துணையா?

என் சோறே அதில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஹாம்பர்க் போகும் கன்டெய்னர் பல சமயம் நேரே போவதில்லை. ஃபீடர் என்று சொல்லும் சின்னக் கப்பலில் கொழும்பு போய் இறங்கும். அங்கே பெரிய தாய்க்கப்பல் வந்து தூக்கிக்கொண்டு போகும். இதற்குப் பெயர் டிரான்ஷிப்மென்ட். கொழும்பில் கையாளும் பெட்டிகளில் சுமார் 80 சதவீதம் இப்படி இறங்கி ஏறுபவைதான், அதில் பெரும்பங்கு இந்தியச் சரக்கு. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் நடுவே ஓடும் கடல்வழிக்குக் கொழும்பு சில மணி நேரத் தொலைவில் இருக்கிறது, ஆழமும் உண்டு. சேதுக் கடலில் ஆழம் இல்லாததால் நம் ஃபீடர் இலங்கையைக் கிழக்குப் பக்கமாகச் சுற்றித்தான் கொழும்புக்குப் போக வேண்டும். வரைபடத்தில் கை நீட்டினால் தொடலாம் போலிருக்கும், கப்பலுக்கு அப்படி இல்லை.

2022-ல் நாடே வரிசையில் நின்றபோதும் துறைமுகம் நிற்கவில்லை. டிரான்ஷிப்மென்ட்டில் கப்பல் நிறுவனம் டாலரில் கட்டுகிறது. உள்ளூர்ச் சந்தைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அப்புறம் 2023 கடைசியில் செங்கடலில் ஏமனின் ஹூத்தி படையினர் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக, நடுவழியில் பெட்டியை மாற்றிக்கொள்ளக் கொழும்பில் குவிந்தார்கள். 2023-ல் 69.5 லட்சம் பெட்டி, 2024-ல் 78 லட்சம். இருபதடிப் பெட்டிக் கணக்கு இது. அந்த மாதங்களில் எங்கள் சரக்கு கொழும்பில் இடம் கிடைக்காமல் இரண்டு வாரம், மூன்று வாரம் கிடந்தது. வாடிக்கையாளர் திட்டுவார். நான் கப்பல் நிறுவனத்தைத் திட்டுவேன். அவர்கள் செங்கடலைக் காட்டுவார்கள்.

2025 ஏப்ரலில் அங்கே புது மேற்கு முனையம் ஓட ஆரம்பித்தது. அதில் அதானி குழுமத்துக்கு 51 சதவீதம். அடுத்த மாதமே, மே 2 அன்று, கேரளாவில் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. அதையும் நடத்துவது அதே குழுமம்தான். விழிஞ்ஞத்துக்கும் இயற்கையிலேயே நல்ல ஆழம். ஆக, இந்தியப் பெட்டி கொழும்பு போகாமல் இங்கேயே மாறட்டும் என்று ஒரு பக்கமும், கொழும்பிலும் நமக்கு ஒரு முனையம் இருக்கட்டும் என்று மறுபக்கமும் ஓடுகிறது. யார் ஜெயித்தாலும் என் ஆவணக் கட்டணத்தில் மாற்றமில்லை.

உண்டியல் பணம் என்கிறார்களே, அது என்ன?

கோயில் உண்டியல் இல்லை. வளைகுடாவில் வேலை செய்யும் ஒருவர் அங்கே ஏஜென்ட்டிடம் ரியாலைக் கொடுப்பார். இலங்கையில் அவர் வீட்டுக்கு ரூபாய் வந்துவிடும். வங்கி நடுவில் இல்லை. மண்ணடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2021-ல் வங்கி விலை 200 ரூபாய், உண்டியலில் 240-க்கு மேல். யார் வங்கிக்குப் போவார்? 2021-ல் 549 கோடி டாலராக இருந்த வரத்து 2022-ல் 379 கோடியாக விழுந்தது. ஆட்கள் அனுப்பாமல் இல்லை, அரசு கண்ணில் படாமல் அனுப்பினார்கள். விலையை விட்டதும் வங்கிக்குத் திரும்பி வந்தது: 2023-ல் 597 கோடி, 2024-ல் 657 கோடி, 2025-ல் 800 கோடியைத் தாண்டியது. ஆடை ஏற்றுமதியைவிட அதிகம். நெருக்கடிக்கு அப்புறம் வருஷத்துக்கு மூன்று லட்சம் பேர் அளவில் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். இலங்கையின் முதல் ஏற்றுமதி எது என்று கேட்டால் மனிதர்கள் என்றுதான் சொல்வேன். இதைத் தொழில் வளர்ச்சி என்று கணக்கில் எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை.

தேங்காய், பட்டை, ரப்பர்?

தேங்காய் 2024 கடைசியிலும் 2025-லும் தட்டுப்பாடு. ஒரு காய் 200 இலங்கை ரூபாய் வரை போனது. தேங்காய்ச் சம்பல் இல்லாத சாப்பாடு கிடையாது என்கிற ஊரில் இது பெரிய விஷயம். ரப்பரில் பாலை அப்படியே விற்காமல் டயராகவும் கையுறையாகவும் செய்து விற்கிறார்கள். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்டுக்குப் போடும் திட டயரில் இலங்கைக்கு உலகத்திலேயே நல்ல பெயர். பட்டையில் அசல் சுருள் பட்டை அவர்களுடையதுதான், உலகத் தேவையில் பெரும்பகுதி அங்கிருந்தே போகிறது. நம் மளிகைக் கடையில் பிரியாணிக்கு வாங்கும் தடித்த பட்டை வேறு மரம்.

குரங்கு ஒன்று நாட்டுக்கே கரன்ட்டை நிறுத்தியது உண்மையா?

2025 பிப்ரவரி 9, பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பட்டதுதான் காரணம் என்று மின்சார அமைச்சரே சொன்னார். நாடு முழுவதும் இருட்டு. ஆலைக்காரர்களுக்குக் குரங்கைவிட மின் கட்டணம்தான் பெரிய தலைவலி. 2022 ஆகஸ்டில் 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் 66 சதவீதம் என்று ஏற்றினார்கள். 2025 ஜனவரியில் குறைத்து, ஜூனில் மறுபடி 15 சதவீதம் ஏற்றம்.

புது கார் விற்பனை அமோகம் என்று படித்தேன். அது நல்ல அறிகுறிதானே?

டாலரை மிச்சம் பிடிக்க 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பிப்ரவரியில் திறந்துவிட்டார்கள். ஐந்து வருஷம் அடக்கி வைத்த ஆசை. நூறு கோடி டாலருக்கும் மேல் போயிருக்கிறது. வரி கொள்ளையாக வருவதால் அரசுக்குச் சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் பயம்தான். கார் டாலர் சம்பாதிக்காது.

டித்வா புயல் எவ்வளவு பாதித்தது?

2025 நவம்பர் கடைசியில் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு, அப்புறம் நம் கரைக்கு எதிரே வந்து நின்று டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையில் கொட்டியதே, அதே புயல்தான். நமக்கு அது ஸ்கூல் லீவும் முழங்கால் தண்ணீரும். அங்கே 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம் மண்சரிவில் லயங்களும் ரோடும் ரயில் பாதையும் போயின. உலக வங்கி மதிப்பிட்ட நேரடிச் சேதம் 410 கோடி டாலர். மேலே சொன்ன சுற்றுலா வருமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு வருஷச் சம்பாத்தியத்தைவிட அதிகம். இந்தியா 45 கோடி டாலர் உதவித் திட்டம் அறிவித்தது. இனி வரும் வளர்ச்சி எண்ணில் பாலம் கட்டுவதும் ரோடு போடுவதும் உற்பத்தியாகவே எண்ணப்படும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

யாழ்ப்பாணம் பக்கம் ஏதாவது தொழில் வந்திருக்கிறதா?

கொஞ்சம். கிளிநொச்சியில் ஆடை ஆலைகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேர் விமானம் உண்டு, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. காங்கேசன்துறை சிமென்ட் ஆலை 1990-ல் மூடியது, மூடியபடியேதான் இருக்கிறது. மீன்பிடி பற்றிக் கேட்டால் பாக் நீரிணைச் சண்டையில்தான் முடியும். நம் இழுவைப் படகுகள் அவர்கள் கடலின் அடியை அரிக்கின்றன என்ற அவர்கள் குறையில் நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

இப்போது கொழும்புக்குச் சரக்கு அனுப்பலாமா? பணம் வருமா?

வரும். 2022 மாதிரி இல்லை, வங்கியில் டாலர் இருக்கிறது. புது ஆளாக இருந்தால் எல்.சி., அதாவது பணத்துக்கு வங்கி கொடுக்கும் உத்தரவாதக் கடிதம், இல்லாமல் அனுப்பாதீர்கள், குறைந்தது பாதியாவது முன்பணம் வாங்குங்கள், பணம் வராமல் போனால் ஈடு தரும் ஈ.சி.ஜி.சி. ஏற்றுமதிக் காப்பீடு எடுங்கள். 2000-லிருந்து நடப்பில் இருக்கும் இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் உங்கள் சரக்கு வந்தால் பிறப்பிடச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இறக்குபவருக்கு வரி குறையும், உங்களிடம் திரும்ப வருவார்.

வெங்காயம், உருளைக்கிழங்கு அனுப்புபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே விசேட பண்ட வரி என்று ஒன்று உண்டு. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று போடுவார்கள். உள்ளூர் அறுவடை வந்தால் ஒரே ராத்திரியில் ஏற்றிவிடுவார்கள். உங்கள் பெட்டி நடுக்கடலில் இருக்கும். நம் பக்கமும் சளைத்ததில்லை. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டு 2024 மே மாதம்தான் எடுத்தார்கள். அதனால் ஏற்றுவதற்கு முந்தின நாள் நாலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள். எந்த இணையதளத்தையும்விட அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

கொழும்பிலிருந்து வாங்கி வந்த டீத்தூள் வீட்டில் நன்றாகவே வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நீங்கள் பாலில் போட்டுக் கொதிக்க வைத்திருப்பீர்கள். நம் டீக்கடைத் தூள் உருண்டை உருண்டையாக இருக்கும் சி.டி.சி. ரகம், கொதித்தால்தான் சாறு இறங்கும். அவர்களுடையது பெரும்பாலும் சுருட்டி எடுத்த இலை. வெந்நீரை ஊற்றி மூடி, மூன்று நான்கு நிமிஷம் கழித்து வடிகட்டிக் குடிக்க வேண்டும். வேண்டுமானால் அப்புறம் பால். எங்கள் அலுவலகத்துக்கு நாலாம் குறுக்குத் தெரு அண்ணன் வருஷாவருஷம் பொங்கலுக்கு ஒரு கிலோ அனுப்புவார். பையன் அதைக் கீழே இருக்கும் டீக்கடையில் கொடுத்துப் போடச் சொன்னான். மாஸ்டர் பாய்லரில் வைத்து ஒரு ஆற்று ஆற்றி, ருசி பார்த்துவிட்டு, தன் தூளில் இரண்டு கரண்டி சேர்த்துத்தான் கொடுத்தார்.